ஸ்பானிய மொழியில் உணர்வோனின் இடம்: 'ஸென்தீர்' வினையை முன்வைத்து

ஸ்பானிய மொழியில் உணர்வைச் சொல்வதற்கு அமைந்த வினைகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது 'ஸென்தீர்' ஆகும். 'உணர்' என்பது அதன் பொதுப்பொருள். உடல்நலம் விசாரிக்கவும், காலடி ஓசை காதில் விழுந்ததைச் சொல்லவும், வருத்தம் தெரிவிக்கவும், இழவு வீட்டில் ஆறுதல் கூறவும் அதுவே வந்து நிற்கிறது. பாடநூல்கள் அதை ஒழுங்கற்ற வினைகளின் வரிசையில் வைக்கின்றன. ஆயினும் 1713இல் மத்ரித் நகரில் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் தன் அகராதியில் 'மென்தீர்' (பொய் சொல்), 'ப்ரெஃபெரீர்' (ஒன்றைவிட ஒன்றை விரும்பு), 'அர்ரெபென்தீர்ஸே' (செய்ததற்கு மனம் வருந்து) போன்ற வினைகளுக்கு நேரே, அவை ஸென்தீரைப் போலத் திரியும் என்றே குறிப்புத் தருகிறது. ஒழுங்கற்றது என்று பெயர் வாங்கிய ஒன்று, தன்னைப் போன்ற பலவற்றுக்கு வாய்பாடாக நிற்பது எப்படி என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது. அதற்கு விடை தேடும்போது, அந்த வினையின் உண்மையான சிக்கல் அதன் ஒலிமாற்றத்தில் இல்லை என்பதும், உணர்பவரை வாக்கியத்தின் எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதில்தான் அது இருக்கிறது என்பதும் மெல்லத் தெரியவரும்.

ஸ்பானியச் சொற்கள் இங்கே தமிழெழுத்தில் தரப்படுவதால் ஒரு சிறு குறிப்பு வேண்டியிருக்கிறது. 'ன்த' என்று எழுதிய இடத்தில் தகரத்தைப் 'பத்து' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல வன்மையாகவும், 'ந்த' என்று எழுதிய இடத்தில் 'பந்து' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல மென்மையாகவும் வாசிக்க வேண்டும். 'ஸியென்' என்பது எழுத்தில் நீண்டு தெரிந்தாலும் ஸ்பானியர் வாயில் ஒரே அசையாகவே வரும்; ஆகவே 'ஸியென்தோ' இரண்டே அசை கொண்ட சொல்.

தமிழ் வினைமுற்றைப் போலவே ஸ்பானிய வினைமுற்றும் இடத்தையும் எண்ணையும் விகுதியிலேயே காட்டிவிடுகிறது. 'உணர்கிறேன்' என்ற பிறகு 'நான்' தேவைப்படாதது போல, 'ஸியென்தோ' என்ற பிறகு 'யோ' என்ற தன்மைப்பெயர் தேவைப்படுவதில்லை. நிகழ்காலத்தில் நான் உணர்வதற்கு ஸியென்தோ, நீ உணர்வதற்கு ஸியென்தெஸ், அவனோ அவளோ உணர்வதற்கு ஸியென்தே, நாம் உணர்வதற்கு ஸென்தீமோஸ், நீங்கள் பலர் உணர்வதற்கு ஸென்தீஸ், அவர்கள் உணர்வதற்கு ஸியென்தென் என்ற வடிவங்கள் உள்ளன. இவற்றுள் நான்கில் பகுதியின் எகரம் 'இயெ' என்று விரிகிறது. 'நாம்', 'நீங்கள்' என்ற இரண்டில் மட்டும் விரியாமல் எகரமாகவே நிற்கிறது. ஒருமையை ஒரு பத்தியிலும் பன்மையை அடுத்த பத்தியிலும் எழுதி, விரிந்த வடிவங்களைச் சுற்றிக் கோடு கிழித்தால் அது ஒரு பூட்ஸ் காலணியின் வடிவில் அமையும் என்று வகுப்பறைகளில் சொல்லித்தருவதுண்டு. தேர்வுக்கு முதல்நாள் இரவில் அது உதவலாம். ஏன் அப்படி என்பதற்கு அதில் விடை இல்லை.

விடை அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு சொல்லின் அசைகளுள் ஒன்றை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பதே அழுத்தம் எனப்படும். தமிழில் அதனால் பொருள் மாறுவதில்லை என்பதால் தமிழர் செவிக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை, ஸ்பானியத்திலோ சொல்லின் உயிரே அதுதான். லத்தீன் மொழி, இன்றைய ஸ்பானியமான காஸ்தீலியப் பேச்சாக உருமாறிய நூற்றாண்டுகளில், அழுத்தம் பெற்ற குற்றெகரம் 'இயெ' என்று இரட்டித்தது. அழுத்தம் பெறாத எகரம் அப்படியே தங்கியது. நிலத்தைக் குறித்த 'தெர்ரா' ஸ்பானியத்தில் 'தியெர்ரா' ஆனதும், கல்லைக் குறித்த 'பெத்ரா' 'பியெத்ரா' ஆனதும், தேனைக் குறித்த 'மெல்' 'மியெல்' ஆனதும் இந்த ஒரே விதியால்தான். பெயர்ச்சொற்களில் அழுத்தம் இடம் மாறாததால் மாற்றம் ஒருமுறை நிகழ்ந்து நிலைத்துவிட்டது. நிலத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதை ஒழுங்கற்ற பெயர்ச்சொல் என்று சொல்வதில்லை. வினையிலோ அழுத்தம் விகுதிக்கேற்ப நகர்கிறது. 'ஸியென்தோ' என்பதில் அது பகுதியின்மேல் விழுவதால் எகரம் விரிகிறது. 'ஸென்தீமோஸ்' என்பதில் அது 'தீ' என்ற அசைக்கு நகர்ந்துவிடுவதால் பகுதி பழைய எகரத்தோடு தப்பிக்கிறது. ஆக, ஒரே விதி பெயரில் செயல்பட்டபோது மொழி வரலாறு என்றும், வினையில் செயல்பட்டபோது ஒழுங்கின்மை என்றும் பெயர் பெற்றிருக்கிறது.

இந்த விளக்கம் வெறும் ஊகம் அன்று என்பதற்கு அர்ஜென்தீனா நாட்டின் அன்றாடப் பேச்சே சான்று. மெக்ஸிகோ நகரில் நண்பரிடம் 'எப்படி இருக்கிறது உடம்பு?' என்று கேட்பவர் 'கோமோ தே ஸியென்தெஸ்' என்பார். புவெனோஸ் ஐரெஸ் நகரில் அதே கேள்வி 'கோமோ தே ஸென்தீஸ்' என்று வரும். அங்கே 'நீ' என்பதற்குத் 'தூ' என்ற சொல்லுக்குப் பதிலாக 'வோஸ்' என்ற பழைய முன்னிலைப்பெயர் வழங்குகிறது. ஒருகாலத்தில் பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாயிருந்த அந்தப் பெயர் இன்று நெருக்கமான ஒருவரை அழைக்கும் ஒருமையாக இறங்கிவந்துவிட்டது. அதற்குரிய விகுதி அழுத்தத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்வதால் பகுதியில் 'இயெ' தோன்ற வழியில்லை. பொருள் ஒருமை, கேட்கப்படுபவர் ஒருவரே, ஆயினும் எகரம் விரியவில்லை. ஆகவே உயிரெழுத்தைத் தீர்மானிப்பது ஒருமையும் அல்ல பன்மையும் அல்ல, அழுத்தம் எங்கே விழுகிறது என்பதே. இதற்கு மறுதலையாக லத்தீன் அமெரிக்கா முழுவதும் பலரை முன்னிலைப்படுத்த 'உஸ்தேதெஸ்' என்ற பெயரும் அதனுடன் 'ஸியென்தென்' என்ற படர்க்கை வடிவமும் வழங்குவதால், ஸ்பெயினின் பன்மை வடிவமான 'ஸென்தீஸ்' அங்கே கேட்பதில்லை. அர்ஜென்தீனாவில் கேட்கும்போது அது ஒருவரை நோக்கியது.

இத்துடன் முடிந்திருந்தால் ஸென்தீர் எளிய வினையாகவே இருந்திருக்கும். 'அவன் உணர்ந்தான்' என்ற இறந்தகாலம் 'ஸின்தியோ' என்றும், 'அவர்கள் உணர்ந்தார்கள்' என்பது 'ஸின்தியெரோன்' என்றும், 'உணர்ந்துகொண்டு' என்ற பொருள்தரும் வடிவம் 'ஸின்தியெந்தோ' என்றும் வருவதால் மூன்றாவது உயிராக இகரமும் பகுதிக்குள் நுழைகிறது. அதே இறந்தகாலத்தில் 'நான் உணர்ந்தேன்' என்பது 'ஸென்தீ' என்றும் 'நீ உணர்ந்தாய்' என்பது 'ஸென்தீஸ்தே' என்றும் எகரத்தோடு நிற்கின்றன. இதையும் ஒரு வரியில் அடக்கலாம்: பகுதியின்மேல் அழுத்தம் விழாதபோது, அடுத்த அசையில் தனி இகரமோ ஈகாரமோ இருந்தால் பகுதியில் எகரம் நிற்கும், அப்படி இல்லாதபோது இகரம் வரும். 'ஸென்தீமோஸ்', 'ஸென்தீதோ' (உணரப்பட்ட), 'ஸென்தீயா' (உணர்ந்துகொண்டிருந்தேன்), எதிர்காலத்து 'ஸென்திரே' ஆகிய எல்லாவற்றிலும் அடுத்த அசை தனி இகரம் கொண்டது; எனவே எகரம். 'ஸின்தியோ', 'ஸின்தியெந்தோ' ஆகியவற்றில் அடுத்த அசையின் இகரம் தனித்து நில்லாமல் இன்னோர் உயிரோடு ஒட்டி யகரச் சாயலில் விரைந்து போகிறது, எனவே இகரம். இரண்டு இகரங்கள் அடுத்தடுத்து வருவதை மொழி தவிர்க்கிறது என்று இதைச் சொல்லலாம். வரலாற்று நோக்கில் பார்ப்பவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வர்: பின்னே வந்த யகர ஒலி முன்னிருந்த எகரத்தைத் தன்பக்கம் இழுத்து இகரமாக உயர்த்தியது; 'நாம் உணர்க' என்ற பொருளில் வழங்கிய லத்தீன் வடிவத்தில் இருந்த அந்த யகரம் பின்பு உதிர்ந்துபோன பிறகும் 'ஸின்தாமோஸ்' என்ற இன்றைய வடிவத்தில் அதன் தடம் இகரமாக எஞ்சியிருக்கிறது.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிய தமிழருக்கு இது புதிய வகைச் சிந்தனை அன்று. 'வந்தான்' என்பதைப் பிரித்து, 'வா' என்ற பகுதி 'வ' எனக் குறுகியது விகாரம், தகரம் நகரமானதும் விகாரம் என்று எழுதியவர்கள், பகுதி மாறாமலே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. மாற்றத்துக்கு ஒரு பெயரிட்டு அதற்கோர் உறுப்பிடத்தையும் ஒதுக்கிவிடுகிறார்கள். நன்னூல் விகாரத்தைப் பதத்தின் ஆறு உறுப்புகளுள் ஒன்றாக எண்ணியது. மேலைநாட்டுப் பாடநூல் மரபு அதையே விதிவிலக்கு என்று ஒதுக்கிப் பட்டியலிட்டது. இரண்டாவது அணுகுமுறையால் கற்பவருக்கு நேர்ந்த நட்டம் சிறிதன்று. '-ஈர்' என்று முடியும் ஸ்பானிய வினைகளில், பகுதியின் இறுதி உயிர் எகரமாக இருந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் மாறியே தீரும். மாறாமல் நிற்பவை நூல்வழியாக லத்தீனிலிருந்து பின்னாளில் எடுத்துக்கொண்ட ஒருசில சொற்களே. மாறுவதே அந்த வகுப்பின் இயல்பு எனும்போது அதை ஒழுங்கின்மை என்பது பெயரளவிலான பழக்கம். அந்தோனியோ தே நெப்ரிஹா 1492இல் ஸலமாங்கா நகரில் வெளியிட்ட காஸ்தீலிய இலக்கணத்தின் ஐந்தாம் நூலை, அம்மொழியைப் பிறந்தது முதல் பேசாத அயலாருக்கென்றே ஒதுக்கினார். அயலாருக்கு வினைத்திரிபைப் பட்டியலிட்டுத் தரும் மரபு ஸ்பானியத்தில் அந்த அளவுக்குப் பழையது.

ஒலிமாற்றம் விளைவித்த ஒரு விபத்தும் இங்கே கருதத்தக்கது. 'உட்காரவை' என்று பொருள்படும் 'ஸென்தார்' என்ற வினை, லத்தீனில் 'உட்கார்' என்ற வேரிலிருந்து முற்றிலும் வேறு வழியாக வந்தது. ஆயினும் அதன் எகரமும் அழுத்தத்தில் விரிவதால் அதற்கும் தன்மை ஒருமை 'ஸியென்தோ' ஆகிவிட்டது. விளைவாக 'மே ஸியென்தோ' என்பதற்கு 'உணர்கிறேன்', 'உட்கார்கிறேன்' என்ற இரண்டு பொருளும் உண்டு. 'மே ஸியென்தோ ஸோலா' என்று ஒரு பெண் சொன்னால், அவள் தனிமையை உணர்கிறாளா, தனியாக உட்கார்கிறாளா என்பதை நாற்காலி அருகில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தகாலத்துக்குப் போனால் குழப்பம் விலகுகிறது: உணர்ந்தது 'மே ஸென்தீ', உட்கார்ந்தது 'மே ஸென்தே'. வேறு சில வடிவங்களிலோ இரு வினைகளும் ஒன்றின் சட்டையை மற்றது அணிந்துகொள்கின்றன. 'தே ஸியென்தெஸ்' என்பது உணர்தலில் செய்தியை நேராகச் சொல்லும் வடிவம்; அதே வடிவம் உட்கார்தலில் விருப்பமோ விலக்கோ தெரிவிக்கும் வடிவம். 'தே ஸியென்தாஸ்' என்பது உட்கார்தலில் செய்தியை நேராகச் சொல்லும் வடிவம்; உணர்தலில் விருப்பமோ விலக்கோ தெரிவிக்கும் வடிவம். 'நோ தே ஸியென்தாஸ் மால்' என்றால் 'மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே' என்று பொருள். இந்தக் குறுக்கு மாற்றத்தை விளங்கிக்கொண்டவருக்கு ஸ்பானியத்தின் இரண்டு பெரிய வினை வகுப்புகளும் ஒரே நேரத்தில் கைவந்துவிடும்.

இனிப் பயன்பாடு. ஸென்தீர் ஒரு பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாக ஏற்கும்போது தனியாக வரும்: 'ஸியென்தோ ஃப்ரீயோ' என்றால் குளிரை உணர்கிறேன், 'ஸியென்தோ மியேதோ' என்றால் அச்சத்தை உணர்கிறேன். உணர்பவர் தாம் இருக்கும் நிலையைப் பெயரடையாலோ வினையடையாலோ சொல்லும்போது 'மே', 'தே', 'ஸே' போன்ற தற்சுட்டுப் பெயர் கட்டாயம் சேர வேண்டும்: 'மே ஸியென்தோ கன்ஸாதோ' என்று களைத்த ஆண் சொல்வான், 'மே ஸியென்தோ கன்ஸாதா' என்று களைத்த பெண் சொல்வாள். வினைமுற்றில் தென்படாத பால் வேறுபாடு இங்கே பெயரடையில் தலைகாட்டுகிறது. தமிழில் 'உணர்கிறான்', 'உணர்கிறாள்' என்று வினையே காட்டிவிடும் செய்தி அது. 'மே' இல்லாமல் 'ஸியென்தோ கன்ஸாதோ' என்பது ஸ்பானியர் காதுக்குக் குறைச்சொல்லாகவே படும். 'மே' என்பதற்கு 'என்னை' என்று நேர்ப்பொருள் கொண்டால் அவ்வாக்கியம் 'என்னைக் களைத்தவனாக உணர்கிறேன்' என்றாகும்; உணர்பவரும் உணரப்படும் பொருளும் ஒருவரே.

ஒரே அச்சத்தை ஸ்பானியம் எத்தனை கட்டுமானங்களில் சொல்கிறது என்று பார்த்தால் ஸென்தீரின் எல்லை தெளிவாகும். அன்றாடப் பேச்சில் மிகுதியும் வருவது 'தெங்கோ மியேதோ'. 'அச்சத்தை உடையேன்' என்பது அதன் சொற்பொருள். 'ஸியென்தோ மியேதோ' என்பதில் அந்த அச்சத்தை உள்ளே கவனித்துப் பார்க்கும் சாயல் இருக்கிறது. 'மே தா மியேதோ' என்றால் ஏதோ ஒன்று 'எனக்கு அச்சம் தருகிறது'. 'எஸ்தோய் அஸுஸ்தாதோ' என்றால் மிரண்ட நிலையில் இருக்கிறேன். உடைமை, உணர்தல், பெறுதல், இருத்தல் என்ற நான்கும் ஒரு சொல்லைச் சுற்றி நிற்கையில், எல்லா இடத்திலும் ஸென்தீரையே கொண்டு ஒப்பேற்றுவது கற்பவர் செய்யும் பொதுவான பிழை. இலக்கணப்படி அதில் குற்றம் இராது. பேச்சு மட்டும் மனநல மருத்துவர் முன்னால் அமர்ந்து பேசுவது போலிருக்கும்.

இதே பிழை இப்போது தமிழிலும் பெருகியிருப்பது கவனிக்கத்தக்கது. 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'நான் வருத்தமாக உணர்கிறேன்' என்று எழுதும் வழக்கம் மொழிபெயர்ப்புகளின் வழியாக வந்து செய்திகளிலும் விளம்பரங்களிலும் இடம்பிடித்துவிட்டது. தமிழில் 'உணர்' என்பது முதலில் அறிதலைக் குறித்த சொல்; 'உணர்ந்தோர்' என்றால் அறிவுடையோர், 'துயிலுணர்தல்' என்றால் உறக்கம் தெளிதல். வியப்பளிக்கும் வகையில் ஸென்தீரின் லத்தீன் மூலமும் புலனறிவு, கருத்து என்ற இரு திசைகளிலும் விரிந்த சொல்தான். தீர்ப்பைக் குறிக்கும் 'ஸென்தென்ஸியா' என்ற ஸ்பானியச் சொல் அதன் கருத்துப்பொருளிலிருந்து கிளைத்தது. புலனறிவின் பக்கம் கடன்பட்ட மொழிகளும் பல: கத்தலான் மொழியில் அதே வினை 'கேள்' என்று பொருள்படுகிறது, இத்தாலியத்தில் கேட்டலும் முகர்தலும் அதன் வேலையாக உள்ளன, பிரெஞ்சில் முகர்தல் அதன் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. ஸ்பானியத்திலும் 'நோ தே ஸென்தீ யெகார்' என்றால் நீ வந்து சேர்ந்த அரவம் எனக்குக் கேட்கவில்லை என்றே பொருள். அதை 'உன் வருகையை நான் உணரவில்லை' என்று தமிழாக்கினால் கதவுச் சத்தம் தொலைந்து தத்துவம் வந்துவிடும்.

அறிதல், வருந்துதல் என்ற இரு பொருளும் ஒரே வினைக்குள் இருப்பதால் எழும் மயக்கத்தை ஸ்பானியம் மிக நுட்பமான ஒரு கருவியால் தீர்க்கிறது. ஒரு செய்தியை உள்ளபடி எடுத்துச் சொல்லும் வினைவடிவத்தைக் கூற்றுநிலை என்றும், ஒரு விருப்பத்துக்கோ ஐயத்துக்கோ உணர்ச்சிக்கோ கட்டுப்பட்டதாகச் சொல்லும் வடிவத்தைச் சார்நிலை என்றும் இங்கே வைத்துக்கொள்ளலாம். தமிழின் வியங்கோள் சார்நிலையின் ஒரு மூலையைத் தொடுகிறது, முழுவதையும் அன்று. 'ஸியென்தோ கே எஸ்தாஸ் த்ரீஸ்தே' என்று கூற்றுநிலையில் சொன்னால் 'நீ சோகமாக இருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது' என்பது பொருள். 'ஸியென்தோ கே எஸ்தேஸ் த்ரீஸ்தே' என்று சார்நிலையில் சொன்னால் 'நீ சோகமாக இருக்கிறாயே என்று வருந்துகிறேன்' என்று பொருள். ஆகாரம் ஏகாரமாக மாறியது மட்டுமே வேறுபாடு. அதுவும் ஸென்தீரில் அன்று, அதற்குப் பின்வரும் வினையில். முதல் வாக்கியத்தில் சோகம் ஒரு தகவல், இரண்டாவதில் அது முன்பே தெரிந்த ஒன்று, அதன்மீதான இரக்கமே செய்தி. ஒரு வினையின் பொருளைத் தீர்மானிக்கும் பொறுப்பு அடுத்த வினையின் விகுதிக்குப் போய்ச்சேர்வது இலக்கணத்தில் எப்போதும் கிடைக்கும் காட்சி அன்று. ஸென்தீரைக் கற்பிப்பவர்கள் திரிபுப் பட்டியலில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குத் தந்தால் நல்லது.

அயலார் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் 'லோ ஸியென்தோ' என்ற தொடரும் இந்த வருத்தப்பொருளிலிருந்து வந்ததே. 'லோ' என்பது 'அதை'; 'அதை உணர்கிறேன்' என்பது 'நடந்ததற்கு வருந்துகிறேன்' என்று முதிர்ந்தது. பேருந்தில் ஒருவரின் காலை மிதித்தவர் 'பெர்தோன்' என்று மன்னிப்புக் கேட்பது போதும். தாமதமாக வந்து ஒருவரைக் காக்கவைத்தவர், கேட்டதைத் தர இயலாத கடைக்காரர், நண்பரின் தந்தை இறந்த செய்தி கேட்டவர் ஆகியோர் 'லோ ஸியென்தோ' என்பர். கடைசி இருவரும் தவறேதும் செய்தவர்கள் அல்லர். தமிழில் 'மன்னிக்கவும்' என்று அதை மொழிபெயர்க்கும் வழக்கம் இழவுச் செய்தியில் வந்து இடறிவிழும். அங்கே அது மன்னிப்பு அன்று, பங்கேற்பு.

இறந்தகாலத்தில் ஸ்பானியம் இரண்டு வடிவங்களை வைத்திருப்பதும் உணர்வைச் சொல்வதில் பெரிய பயன் தருகிறது. 'ஸென்தீ மியேதோ' என்றால் அச்சம் ஒரு கணத்தில் வந்து தாக்கியது, அந்தக் கணம் முடிந்தது. 'ஸென்தீயா மியேதோ' என்றால் அச்சம் பின்னணியில் நீடித்துக்கொண்டிருந்தது, அது எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்பது பேச்சில் இல்லை. தமிழ் இவ்வேறுபாட்டைக் காலத்தால் காட்டாமல் துணைவினையாலும் ஆக்கச்சொல்லாலும் காட்டும்: 'பயந்துவிட்டேன்' ஒன்று, 'பயமாக இருந்தது' மற்றொன்று.

உணர்பவர் எங்கே அமர்கிறார் என்ற கேள்வி இந்த இடத்தில் தவிர்க்க முடியாததாகிறது. ஸென்தீர் அவரை எழுவாயாக்குகிறது. ஸ்பானியத்தின் வேறு பல உணர்வு வினைகள் அவரை நான்காம் வேற்றுமைக்கு அனுப்பிவிடுகின்றன: 'மே துவெலே லா கபேஸா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது', 'மே குஸ்தா எல் மார்' என்றால் 'எனக்குக் கடல் பிடிக்கும்'. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவர்களைப் பல மாதங்கள் திணறவைக்கும் இந்த அமைப்பு, 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என்று பேசி வளர்ந்தவர்களுக்குத் தாய்மொழி மரபு. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கும் இவ்வமைப்பு தெற்காசிய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவானது. மொழியியலாளர்களான வர்மாவும் மோகனனும் பதிப்பித்து 1990இல் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுதி முழுவதும் அதைப் பற்றியதே. ஆயினும் தமிழர் இங்கே அளவுமீறி நிம்மதி கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. தமிழில் 'எனக்கு அவளைப் பிடிக்கும்' என்கையில் பிடித்தவள் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறாள். வினை அஃறிணை ஒருமை போல யாரோடும் ஒட்டாமல் நிற்கிறது. ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய். வினை அதனோடு இசைந்தே ஆக வேண்டும். கடல் பிடித்தால் 'மே குஸ்தா', பூக்கள் பிடித்தால் 'மே குஸ்தன்', நீ பிடித்தால் 'மே குஸ்தாஸ்'. 'எனக்கு' என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட தமிழர், பூக்களுக்கும் 'மே குஸ்தா' என்றே சொல்லிவிடுவார்.

வரலாற்றில் பின்னோக்கிப் போனால் உணர்பவரின் இருக்கை நிலையானதே அன்று என்று தெரிகிறது. 'குஸ்தார்' என்பது லத்தீனில் 'சுவைத்துப் பார்' என்ற வினை. சுவைப்பவர் எழுவாயாக இருந்தார். பழைய ஸ்பானியத்தில் 'ஒன்றில் இன்பம் கொள்கிறேன்' என்ற பொருளில் 'குஸ்தோ தே' என்று தன்மை எழுவாயோடு வழங்கிய தொடர், இன்றும் செம்மைநடை எழுத்தில் உயிரோடிருக்கிறது. உணவு மேசையில் அமர்ந்திருப்பவர், அருகில் வந்தவரைப் பார்த்து 'குஸ்தா?' என்று உபசரிப்பதிலும் பழைய சுவைப்பொருள் எஞ்சியுள்ளது. பேச்சில் மட்டும் எழுவாய் 'எனக்கு' ஆகிவிட்டது. 'அர்ரெபென்தீர்ஸே' இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. லத்தீனில் கழிவிரக்கம் எழுவாயற்ற வினை. அது வந்து மனிதனைப் பற்றும், பற்றப்பட்டவர் 'என்னை' என்ற இரண்டாம் வேற்றுமையில் நிற்பார். ஸ்பானியத்தில் 'மே அர்ரெபியென்தோ' என்று உணர்பவரே எழுவாயாகிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இன்பம் நுகர்வதில் எழுவாயாக இருந்தவர் பின்வாங்கியதும், செய்த தவற்றுக்கு வருந்துவதில் பின்வாங்கியிருந்தவர் முன்வந்ததும் ஒழுக்கவியல் பாடம் போலத் தோன்றலாம். மொழி அப்படித் திட்டமிட்டுச் செயல்படுவதில்லை என்பதால் அந்த ஆசையை அடக்குவதே முறை. உட்கார்தல் வினையான 'ஸென்தார்' கூட உணர்வுப் பக்கம் வந்து நான்காம் வேற்றுமையை ஏற்கிறது: 'மே ஸென்தோ மால்' என்றால், உண்டது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், சொன்னது மனத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் இரு பொருள்.

வட்டாரம் மாறினால் உணர்வே மாறுவதும் உண்டு. 'மே தா பேனா' என்பது ஸ்பெயினில் 'எனக்குப் பரிதாபமாக, வருத்தமாக இருக்கிறது'. மெக்ஸிகோவிலும் கொலம்பியாவிலும் அது 'எனக்கு வெட்கமாக, கூச்சமாக இருக்கிறது'. இலக்கணம் ஒன்று, வேற்றுமை ஒன்று, உள்ளே இருக்கும் உணர்ச்சி வேறு.

உணர்பவரின் இரண்டு இருக்கைகளும் ஒரே தொடரில் அடுத்தடுத்து அமைந்த இடம் ஒன்றுண்டு. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் இறந்தவரின் வீட்டாரிடம் முறைப்படி சொல்லப்படும் இரங்கல் தொடர் 'மி மாஸ் ஸென்தீதோ பேஸமே' என்பது. 'ஸென்தீதோ' என்பது ஸென்தீரின் இறந்தகால எச்ச வடிவம், 'ஆழமாக உணரப்பட்ட' என்று பொருள். அடுத்த அசையில் தனி ஈகாரம் இருப்பதால் பகுதியின் எகரம் மாறாமல் நிற்கிறது. 'பேஸமே' என்பது இன்று 'இரங்கல்' என்று பொருள்படும் பெயர்ச்சொல். அதற்குப் பன்மையும் உண்டு, அதைக் 'கொடுப்பது' என்று சொல்வதும் வழக்கம். பிரித்துப் பார்த்தால் அது முழு வாக்கியம்: 'பேஸ' என்பது 'கனக்கிறது', 'மே' என்பது 'எனக்கு'. வினைக்குப் பின்னால் பெயரை ஒட்டிச் சொல்லும் பழைய வழக்கப்படி ஒருவர் இன்னொருவரிடம் சொன்ன 'எனக்குக் கனக்கிறது' என்ற பேச்சே இறுகிப் பெயராகியிருக்கிறது. நிறுவனங்களும் குடும்பங்களும் செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பு வெளியிடும்போது 'நுவெஸ்த்ரோ மாஸ் ஸென்தீதோ பேஸமே' என்று 'எங்கள்' என்ற பன்மையில் தொடங்குகின்றன. சொல்பவர் எத்தனை பேராக இருந்தாலும் கடைசி அசையில் 'எனக்கு' என்ற ஒருமையே நிற்கிறது.